ஸ்கோர் மாறாத ப்ளேயில் ஜெயித்தது யார்?

அலபாமாவில் படிக்க வந்து, ஒரு சீசன் முழுக்கக் கல்லூரி ஃபுட்பால் (அமெரிக்கக் கால்பந்து) பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இது. 2013-ல் ஆபர்ன் பல்கலைக்கழக அணியிடம் அலபாமா தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "ப்ளேக்களில் ஜெயித்தது நாங்கள்தான், ஆட்டத்தில்தான் தோற்றோம்" என்று உங்கள் அறைத் தோழர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஸ்கோர் மாறாத ஒரு ப்ளேயில், அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்து மறுபடி நிற்கும்வரையான ஒரு முயற்சியில், யார் ஜெயித்தார்கள் என்று எப்படிச் சொல்வது, அதற்கு அளவுகோல் ஏதும் உண்டா, இல்லை இது தோற்றவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்ளும் பேச்சா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தனி ஒரு ப்ளேக்கு வெற்றி தோல்வியை எப்படி வரையறுப்பது என்பது ஒன்று. அந்தச் சின்ன வெற்றிகளைக் கூட்டி வரும் தொகைக்கு, ஸ்கோர் வேறு மாதிரி இருக்கும்போது, என்ன அர்த்தம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு ஓரளவுதான் பதில் சொல்ல முடியும்.

நான் படித்தது புள்ளியியல். கல்லூரி ஆட்டங்களின் ப்ளே-பை-ப்ளே பதிவுகளை வைத்துக் கணக்குப் போடுவதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். பயிற்சியாளராக இருந்ததில்லை, மைதானத்தில் ஆடியதும் இல்லை. அதனால் எண்களால் சொல்லக்கூடியதைத் தைரியமாகச் சொல்வேன். பிளாக்கிங் நுணுக்கம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியதை அவர்களுக்கே விட்டுவிடுவேன்.

இந்த விளையாட்டைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வரி: பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதாவது நான்கு டவுன்கள். அதற்குள் 10 யார்டு போய்விட்டால் மறுபடி நான்கு. பெரும்பாலும் மூன்று டவுன்தான் முயற்சிக்கிறார்கள், நான்காவதில் பன்ட் அடித்துப் பந்தை எதிரணிக்குத் தூரத்தில் கொடுத்துவிடுகிறார்கள் அல்லது கோல் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோலுக்கு முயல்கிறார்கள். பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் அது டச்டவுன். இப்போது, ஒரு ஓட்டத்தில் 6 யார்டு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தது யார்? மூன்றாவது டவுன், தேவை 2 யார்டு என்றால் தாக்கும் அணி. மூன்றாவது டவுன், தேவை 11 என்றால் தடுக்கும் அணி. கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவைப்படும்போது எடுத்த ஒரு ரன்னையும், முதல் ஓவரில் எடுத்த ஒரு ரன்னையும் நாம் ஒன்றாகப் பார்ப்பதில்லை அல்லவா, அதே கதைதான். எத்தனை யார்டு கிடைத்தது என்பதை அந்த நேரத்தில் எவ்வளவு தேவைப்பட்டது என்பதோடு சேர்த்துப் பார்க்காத எந்த அளவுகோலும் இந்தக் கேள்விக்கு உதவாது. டிவியில் ஆட்டம் முடிந்ததும் காட்டும் மொத்த யார்டு கணக்கின் குறையே இதுதான்.

தேவையோடு ஒப்பிடும் எளிய முறைக்குப் பெயர் சக்சஸ் ரேட். 1988-ல் பாப் கேரல், பீட் பால்மர், ஜான் தோர்ன் மூவரும் எழுதிய புத்தகத்தில் இதன் தொடக்க வடிவம் இருக்கிறது: முதல் டவுனில் தேவையான தூரத்தில் 40 சதவீதம், இரண்டாவதில் மிச்சத்தில் 60 சதவீதம், மூன்றாவதில் முழுவதும் கிடைத்தால் தாக்கும் அணிக்கு வெற்றி. இல்லாவிட்டால் தடுக்கும் அணிக்கு. 2003-ல் தொடங்கிய ஃபுட்பால் அவுட்சைடர்ஸ் தளம் முதல் டவுனுக்கு 45 சதவீதம் என்று வைத்துக்கொண்டது. கல்லூரி ஆட்டத்துக்கென்று இதைப் பரப்பியவர் பில் கானலி. இப்போது ஈஎஸ்பிஎன்னில் எழுதுகிறார், எஸ்பி பிளஸ் என்ற அணித் தரமதிப்பீடு அவருடையது. அவர் வைத்த கோடுகள் 50, 70, 100. கல்லூரி ஃபுட்பால் பேசுபவர்கள் "சக்சஸ் ரேட்" என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த மூன்று வரையறைக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் ஒரு ப்ளேயைப் பாருங்கள். முதல் டவுன், தேவை 10, கிடைத்தது 4. பழைய புத்தகக் கணக்கில் அது வெற்றி. மற்ற இரண்டிலும் தோல்வி. 4 யார்டு ஓட்டம் ஒரு ஆட்டத்தில் பலமுறை வரும். எனவே யாராவது "எங்கள் அணி 48 சதவீத ப்ளேக்களில் ஜெயித்தது" என்றால், எந்தக் கோட்டை வைத்து என்று முதலில் கேளுங்கள். கோடு எங்கே என்பது இயற்கை விதி இல்லை, ஒரு ஒப்பந்தம்தான். ஒரே கோட்டை இரண்டு அணிக்கும் எல்லா ஆட்டத்துக்கும் போடும்வரை ஒப்பீடு நியாயமாகவே இருக்கும்.

இதில் புதியவர்களை ஆச்சரியப்படுத்தும் ஒன்று உண்டு. கானலியின் கோட்டின்படி மேல்மட்டக் கல்லூரி அணிகளின் சராசரி சக்சஸ் ரேட் 40 சதவீதத்துக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. அதாவது சாதாரண ஆட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட ப்ளேக்களை ஜெயிப்பது தடுக்கும் அணி. தாக்கும் அணி ஐந்தில் இரண்டு ஜெயித்தாலே ஆட்டம் ஓடும், பாதி ஜெயித்தால் அன்றைக்கு அவர்களுக்கு மிக நல்ல நாள். எனவே 50 சதவீதத்தை நடுக்கோடாக வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். எதிரணியின் சதவீதத்தோடும் சராசரியோடும் ஒப்பிடுங்கள்.

இந்த முறைக்கு எதிராக எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை ஆப்ஷன் அணிகள் விஷயத்தில். ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் ஆகிய ராணுவக் கல்லூரி அணிகள் பல காலமாக ஓட்டத்தை நம்பியே ஆடுபவை. முதல் டவுனில் 3 யார்டு, இரண்டாவதில் 3, மூன்றாவதில் 3, மிச்சம் 1. நான்காவதில் பன்ட் அடிக்காமல் மறுபடி ஓடி எடுத்துவிடுவார்கள். திட்டமிட்டபடி எல்லாமே நடந்திருக்கிறது. ஆனால் 50, 70, 100 கோட்டின்படி முதல் மூன்றும் தோல்வி, நான்காவது மட்டும் வெற்றி. மூன்று டவுனுக்குள் 10 யார்டு எடுத்தாக வேண்டும் என்ற அனுமானம் அந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது. நான்கு டவுனையும் பயன்படுத்துகிற அணிக்கு ஒரு டவுனுக்கு இரண்டரை யார்டே போதும். இந்த அணிகளின் சக்சஸ் ரேட்டைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்காவது டவுனில் துணிந்து ஆடும் பயிற்சியாளர்கள் அதிகமாகி வரும் இந்தக் காலத்தில் இது ராணுவ அணிகளின் பிரச்சினை மட்டும் இல்லை.

இன்னொரு குறை எல்லோருக்கும் உடனே தெரிவது: ஜெயித்தது தோற்றது என்று இரண்டே பெட்டி இருப்பதால், 5 யார்டு ஓட்டமும் 70 யார்டு டச்டவுனும் ஒரே வெற்றி. மூன்றாவது டவுனில் பாஸ் கைக்கு எட்டாமல் விழுவதும், அதே பாஸை எதிரணி பிடித்து (இன்டர்செப்ஷன்) ஓடிப்போய் டச்டவுன் போடுவதும் ஒரே தோல்வி. எவ்வளவு அளவில் ஜெயித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் வேறு அளவுகோல் வேண்டும்.

அது எதிர்பார்ப்புப் புள்ளி முறை. இதன் கதை அழகானது. பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்குக் கல்லூரி ஃபுட்பால் ஆடிய விர்ஜில் கார்ட்டர், பிறகு சின்சினாட்டி பெங்கால்ஸ் என்ற தொழில்முறை அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் வீரர், ஆனார். ஆடிக்கொண்டே நார்த்வெஸ்டர்னில் மேலாண்மை படித்தார். அங்கே பேராசிரியராக இருந்த ராபர்ட் மக்காலோடு சேர்ந்து 1971-ல் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் துறை ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். 1969-ல் என்எஃப்எல் எனும் தொழில்முறை லீக்கின் சீசனில் நடந்த ப்ளேக்களை எடுத்துக்கொண்டு, மைதானத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு அணி முதல் டவுனில் பந்தோடு நிற்கும்போது, அடுத்து வரும் ஸ்கோர் சராசரியாக யாருக்கு எத்தனை என்று கணக்கிட்டார்கள். எதிரணியின் கோல் கோட்டுக்கு 5 யார்டு தூரத்தில் அந்த மதிப்பு 6.041. 15 யார்டில் 4.572. தன் பக்கம் 25 யார்டில் 0.236. தன் 15-ல் மைனஸ் 0.637, தன் 5-ல் மைனஸ் 1.245. கையில் பந்து இருந்தும் மதிப்பு மைனஸில் போகிறது. தன் கோல் கோட்டுக்கு அருகே மாட்டிக்கொண்ட அணியைவிட எதிரணிதான் அடுத்து ஸ்கோர் செய்ய அதிக வாய்ப்பு என்பது அதன் பொருள்.

இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் ஒரு யார்டும் இன்னொரு யார்டும் சமம் இல்லை என்பது புரிந்துவிடும். தன் 25-லிருந்து 35-க்குப் போனால் (35-ன் மதிப்பு 0.923) லாபம் ஏறக்குறைய 0.69 புள்ளி. எதிரணியின் 15-லிருந்து 5-க்குப் போனால் லாபம் 1.47. அதே 10 யார்டு, இரண்டு மடங்குக்கு மேல் மதிப்பு. ஒரு ப்ளேக்குப் பின்னால் இருக்கும் மதிப்பிலிருந்து முன்னால் இருந்த மதிப்பைக் கழித்தால் வருவதுதான் இன்று ஈபிஏ என்று எல்லோரும் சொல்வது. கூட்டல் வந்தால் தாக்கும் அணி ஜெயித்தது, கழித்தல் வந்தால் தடுக்கும் அணி ஜெயித்தது, எத்தனை புள்ளியளவு என்பதும் கூடவே கிடைக்கிறது. இப்போதைய மாதிரிகள் இடத்தை மட்டும் பார்ப்பதில்லை. டவுன், தேவையான தூரம், பாதி முடிய மீதமுள்ள நேரம் எல்லாம் உள்ளே போகின்றன. டச்டவுன், ஃபீல்ட் கோல், சேஃப்டி (பந்து வைத்திருக்கும் அணி தன் கோல் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தப்பட்டால் எதிரணிக்குக் கிடைக்கும் புள்ளி) ஆகியவை இரு பக்கத்துக்கும், அப்புறம் ஸ்கோரே இல்லாத நிலை என ஏழு சாத்தியங்களுக்கும் வாய்ப்பைத் தனித்தனியே கணிக்கிறார்கள். என்எஃப்எல் எண்களை அப்படியே கல்லூரிக்குக் கொண்டுவரக் கூடாது. உதைப்பவர்களின் திறன் வேறு, அணிகளுக்கு இடையே உள்ள தர வித்தியாசம் வேறு. கல்லூரி ஆட்டத் தரவில் பயிற்றுவித்த மாதிரியே தேவை.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், என் வழக்கம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஈபிஏ கூட்டலாக வந்தாலே சக்சஸ் என்று இரண்டையும் இணைத்துவிடுபவர்களும் உண்டு, அது ஆப்ஷன் அணிகளின் குறையை ஓரளவு தீர்க்கிறது. இருந்தாலும் வேறு வேறு கேள்விக்கு அவை பதில் சொல்கின்றன. எத்தனை முறை ஜெயித்தார்கள் என்பது சக்சஸ் ரேட். மொத்தத்தில் எவ்வளவு பெற்றார்கள் என்பது ஈபிஏ. உங்கள் தோழர்கள் சொல்லும் ஆட்டமே இதற்கு நல்ல உதாரணம்.

அன்று அலபாமா 495 யார்டு, ஆபர்ன் 393. ஸ்கோர் ஆபர்ன் 34, அலபாமா 28. யார்டைப் பார்த்தால் தோழர்கள் சொல்வது சரிபோலத்தான் தெரிகிறது. ஆனால் நான்காவது குவார்ட்டரில் தன் 1 யார்டு கோட்டிலிருந்து ஏஜே மெக்காரன் வீசிய பந்தை அமாரி கூப்பர் பிடித்து 99 யார்டு போய் டச்டவுன் போட்டார். 495-ல் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ப்ளே. அதைத் தள்ளிவைத்தால் 396க்கு 393. "ப்ளேக்களில் ஜெயித்தோம்" என்பதற்கு யார்டு வித்தியாசத்தை ஆதாரமாகக் காட்டினால், அந்த ஆதாரம் ஒரே ப்ளேயின் மீது நிற்கிறது. சக்சஸ் ரேட்டில் அது ஒரே ஒரு வெற்றி. ஈபிஏவிலோ பழைய பட்டியலின்படி மைனஸ் ஒன்றேகாலிலிருந்து டச்டவுன்வரை, ஏறக்குறைய எட்டுப் புள்ளி லாபம். இங்கே எது உண்மை என்று சண்டை போடத் தேவையில்லை. அந்த ப்ளே நடந்தது, ஸ்கோரும் வந்தது, அதைக் கணக்கிலிருந்து நீக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் "ஆட்டம் முழுக்க எங்கள் கை ஓங்கியிருந்தது" என்று சொல்ல அது போதாது.

இன்னொன்று. அலபாமாவின் நான்கு ஃபீல்ட் கோல் முயற்சிகள் அன்று தோற்றன. கேட் ஃபாஸ்டர் உதைத்த மூன்று, அதில் ஒன்று தடுக்கப்பட்டது. கடைசி நொடியில் ஆடம் கிரிஃபித் 57 யார்டிலிருந்து உதைத்தது நான்காவது. அது எட்டாமல் விழ, கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ட் ஸோனுக்குள் பிடித்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் மைதானத்தின் மறுமுனைவரை ஓடி ஆட்டத்தை முடித்தார். உதைகள் எதுவும் சக்சஸ் ரேட்டுக்குள் வருவதில்லை, ஏனென்றால் அது ஓட்டத்தையும் பாஸையும் மட்டும் எண்ணுகிறது. ஆனால் அவையும் ப்ளேதான். அந்த நான்கிலும் ஜெயித்தது ஆபர்ன். அதுபோக, நான்காவது குவார்ட்டரில் ஆபர்னின் 13 யார்டு கோட்டில் நான்காவது டவுன், 1 யார்டு தேவை. ஃபீல்ட் கோலை விட்டுவிட்டு அலபாமா ஓடிப் பார்த்தது, டிஜே யெல்டனை நிறுத்திவிட்டார்கள். சக்சஸ் ரேட்டில் அது ஒரு தோல்வி மட்டுமே. புள்ளிக் கணக்கில் மிகப் பெரிய ப்ளே. தோழர்களின் பேச்சை முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டமும் பாஸும் மட்டும் எண்ணினால் அவர்கள் பக்கம் வாதம் இருக்கிறது. "ப்ளேக்களில் ஜெயித்தோம்" என்ற வாக்கியத்துக்கு அது போதாது.

கடைசி நொடி டச்டவுனை எந்த அளவுகோலில் வைப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. ஒரு நொடி மீதமிருக்கையில் அடுத்த ஸ்கோரின் சராசரி என்பதற்குப் பொருள் இல்லை. அங்கே வெற்றி வாய்ப்பு முறை வேண்டும்: 28க்கு 28, ஓவர்டைமுக்குப் போனால் அலபாமாவுக்குக் கிட்டத்தட்ட பாதி வாய்ப்பு, அது ஒரே ஓட்டத்தில் பூஜ்ஜியம் ஆனது. ஆனால் வெற்றி வாய்ப்பு முறை ஆட்டத்தின் முடிவில் நடப்பவற்றுக்கு மிகப் பெரிய எடை கொடுக்கும். அணியின் தரத்தை அறிய அதை நான் பயன்படுத்துவதில்லை. ஒரு முடிவு சரியா தவறா என்று விவாதிக்க அது நல்லது.

இனி கல்லூரிப் பதிவுகளில் இருக்கும் சிக்கல்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் கணக்குப் போட்டால் வழுக்கி விழுவது நிச்சயம். கல்லூரிக் கணக்கில் குவார்ட்டர்பேக்கை பந்தோடு வீழ்த்தும் சாக், ஓட்டமாகப் பதிவாகிறது. இழந்த யார்டு ஓட்டத்திலிருந்து கழிகிறது. என்எஃப்எல்லில் அது பாஸ் பக்கம் கழியும். எனவே ஒரு கல்லூரி அணி "ஓட்டத்தில் மோசம்" என்று ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலில் தெரிந்தால், உண்மையில் அவர்கள் பாஸ் பாதுகாப்பில் மோசமாக இருக்கலாம். சாக்கைப் பாஸ் முயற்சியாக மாற்றி எழுதுவதே நான் செய்யும் முதல் வேலை. அடுத்தது, ஆட்டத்தை முடிக்க மண்டியிடும் ப்ளேக்களையும் கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடிப்பதையும் நீக்குவது. ஜெயிக்கும் அணிதான் மண்டியிடுகிறது, அவற்றை எண்ணினால் ஜெயித்தவர்களுக்கே தோல்விகள் கூடும். பெனால்டி இன்னும் சிரமம். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், அதாவது பந்தைப் பிடிக்கவிடாமல் தடுப்பாளர் விதியை மீறி இடிப்பது, அதை வரவைத்தது தாக்கும் அணியின் வெற்றியா? நான் வெற்றி என்று எண்ணுவேன், ஏனென்றால் ரிசீவர் (பாஸைப் பிடிக்கும் வீரர்) தடுப்பாளரை முந்தியதால்தான் அது நடக்கிறது. பலர் பெனால்டி ப்ளேக்களை முழுவதும் விட்டுவிடுகிறார்கள். இதில் ஒருமித்த கருத்து இல்லை. பதிவுகளை எழுதுபவர்கள் பெரும்பாலும் உள்ளூர் கல்லூரியின் குழுவினர், பந்து நின்ற இடம் ஒரு யார்டு இப்படி அப்படி இருப்பது சகஜம். கோட்டை ஒட்டிய ப்ளேக்களுக்கு அந்த ஒரு யார்டே தீர்ப்பை மாற்றிவிடும்.

ஸ்கோர் வித்தியாசம் பெரிதானதும் வருபவற்றை இங்கே கார்பேஜ் டைம் என்கிறார்கள். 35 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி இரண்டாம் வரிசை வீரர்களை இறக்கி, நேரம் ஓட்ட ஓடிக்கொண்டே இருக்கும். பின்தங்கிய அணிக்குச் சின்னப் பாஸ்களை விட்டுக்கொடுப்பார்கள். அந்த ப்ளேக்களின் வெற்றி தோல்விக்கு வேறு அர்த்தம். கானலி போன்றவர்கள் ஒவ்வொரு குவார்ட்டருக்கும் ஒரு புள்ளி வித்தியாச எல்லை வைத்து, அதைத் தாண்டியவற்றை நீக்கிவிடுகிறார்கள். எல்லை எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெர்க்லியின் பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் நான்காவது டவுன் முடிவுகளை ஆராய்ந்தபோது, என்எஃப்எல் ஆட்டங்களின் முதல் குவார்ட்டரை மட்டும் வைத்தே மதிப்புகளைக் கணக்கிட்டார். ஸ்கோர் அணிகளின் நடத்தையை மாற்றுவதற்கு முன்பு கிடைக்கும் சுத்தமான தரவு அது என்பதால். கல்லூரியில் வித்தியாசம் சீக்கிரமே பெரிதாகிவிடுவதால் இந்த எச்சரிக்கை இங்கே இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

எதிரணி யார் என்பதைச் சரிசெய்யாமல் சீசன் கணக்கைப் பார்க்கவே கூடாது. மேல்மட்டத்தில் 130-க்கும் மேற்பட்ட அணிகள், ஒவ்வொன்றுக்கும் வழக்கமான சீசனில் 12 ஆட்டம். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அதிலும் பெரிய அணிகள் பல, கீழ்மட்டப் பிரிவைச் சேர்ந்த ஒரு அணியை அழைத்து நொறுக்குவது வழக்கம். அந்த ஒரு நாளில் 60 சதவீத ப்ளேக்களை ஜெயிப்பார்கள், அதற்குப் பெரிய பொருள் இல்லை. எல்லா அணிகளின் தாக்குதலுக்கும் தடுப்புக்கும் ஒரே சமயத்தில் மதிப்புக் கண்டுபிடித்து, தரவு குறைவாக இருக்கும் இடங்களில் மதிப்பைச் சராசரியை நோக்கி இழுத்துப் பிடிக்கும் ரிட்ஜ் ரிக்ரஷன் முறையைத்தான் நான் பயன்படுத்துகிறேன். செப்டம்பரில் அதன் விடைகளை நான் பெரிதாக நம்புவதில்லை. அக்டோபர் நடுவில்தான் அதற்கு உருவம் வருகிறது.

ஒரே ஆட்டத்தின் சக்சஸ் ரேட்டை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது, பலர் இதைச் செய்வதே இல்லை. ஒரு அணிக்கு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 70 ப்ளே, உண்மையான திறன் 42 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் தற்செயலால் வரும் ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், சுமார் 6 சதவீதப் புள்ளி. இரண்டு அணிகளின் வித்தியாசத்துக்கு அது 8 சதவீதப் புள்ளிக்கும் சற்று மேல். எனவே ஒரு அணி 45, மற்றது 40 என்றால், அதை வைத்து யார் சிறந்தவர் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. 70 ப்ளேயில் 5 சதவீதம் என்பது மூன்று நான்கு ப்ளே. அன்றைக்கு அவர்கள் கொஞ்சம் அதிகம் ஜெயித்தார்கள் என்று சொல்லலாம், அது நடந்த விஷயம். அடுத்த வாரமும் ஜெயிப்பார்கள் என்று சொல்ல அது போதாது. 52க்கு 33 என்றால் பேசலாம்.

இதுவரை சொன்னவற்றில் நான் உறுதியாக நிற்பது எதில், தயங்குவது எதில் என்றும் சொல்லிவிடுகிறேன். தேவையோடு ஒப்பிட்ட அளவுகோல் மொத்த யார்டைவிட நல்லது, இதில் சந்தேகமே இல்லை. கைநழுவித் தரையில் உருளும் பந்தை (ஃபம்பிள்) எந்த அணி எடுக்கிறது என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவதுபோல என்பதும் நன்றாக நிறுவப்பட்டது. கைபட்டுத் தடுக்கப்பட்ட பாஸ்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இன்டர்செப்ஷன் ஆகும் என்பது நீண்ட காலச் சராசரி. ஒரு அணி அதைவிட மிக அதிகமாகப் பிடித்திருந்தால் அது நீடிப்பது அரிது. அடிக்கடி ஜெயிப்பது ஒரு அணியின் நிலையான குணம், பெரிய ப்ளேக்களின் நீளம் அந்த அளவு நிலையானது அல்ல என்பது கானலி திரும்பத் திரும்பச் சொல்லும் முடிவு. என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் வேகமான ரிசீவர்கள் நிறைந்த சில அணிகள் ஆண்டுதோறும் நீளமான ப்ளேக்களை அடித்துக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போது, அது முழுக்கத் தற்செயல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஒரு ப்ளேயின் வெற்றி அடுத்த ப்ளேக்கு உத்வேகம் தருகிறது என்ற நம்பிக்கைக்கு எண்களில் வலுவான ஆதாரத்தை நான் பார்த்ததில்லை.

எண்கள் தொடவே முடியாத ஒரு இடமும் உண்டு: ப்ளேயை ஜெயித்தது அணியில் யார்? அதே ஆட்டத்தில் 32 நொடி மீதமிருக்கும்போது ஆபர்ன் சமன் செய்ததைப் பாருங்கள். குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல் பந்தோடு ஓடப்போவதுபோல் இடப்பக்கம் போனார், அதுவரை ஆட்டம் முழுக்க ஆபர்ன் ஓடி எடுத்திருந்ததால் அலபாமாவின் கார்னர்பேக், அதாவது ரிசீவரைக் கவனிக்க வேண்டிய தடுப்பாளர், அவரைப் பிடிக்க முன்னால் வந்துவிட்டார், பின்னால் தனியாக நின்ற சாமி கோட்ஸுக்கு மார்ஷல் பந்தை வீசினார், 39 யார்டு டச்டவுன். பதிவில் அது ஒரு பாஸ் வெற்றி. ஆனால் அதை உண்டாக்கியது அன்று ஓடி எடுத்த 296 யார்டு. ஃபுட்பால் ஆட்டங்களை அலசும் பிஎஃப்எஃப் நிறுவனம் வீடியோ பார்த்து ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு ப்ளேக்கும் மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை மதிப்பெண் போடுகிறது, பயிற்சியாளர்களும் ஆட்டத்துக்கு மறுநாள் உட்கார்ந்து அதையே தங்கள் முறையில் செய்கிறார்கள். அவை மனிதர்களின் தீர்ப்பு. திட்டம் என்னவென்று தெரியாத வெளியாள் போடும் மதிப்பெண்ணுக்கு எல்லை இருக்கிறது. என்எஃப்எல்லில் தோள்கவசச் சில்லுகளின் தரவை வைத்து, பிளாக்கர் இரண்டரை நொடி தாங்கினாரா என்று ஈஎஸ்பிஎன் கணக்கிடுகிறது. கல்லூரி ஆட்டத்துக்கு அந்த மாதிரிப் பொதுத் தரவு எல்லா அணிகளுக்கும் கிடைப்பதில்லை. எனவே "எங்கள் லைன் (முன்வரிசை) அவர்கள் லைனை ஜெயித்தது" என்று யாராவது சதவீதத்தோடு சொன்னால், வீடியோ பார்த்துச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால், அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு ப்ளேக்கும் டவுன், தேவை, கிடைத்தது, பந்து இருந்த இடம் என நான்கு எண். பக்கத்தில் 50, 70, 100 கோட்டின்படி ஒரு டிக் அல்லது ஒரு பெருக்கல் குறி. உதைகளுக்குத் தனிப் பக்கம். முதல் பாதி முடிந்ததும் முதல் டவுன் ப்ளேக்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். மூன்றாவது டவுன் சதவீதத்தைத்தான் டிவியில் பேசுவார்கள், ஆனால் மூன்றாவது டவுனில் தேவை 3 ஆக இருப்பதும் 11 ஆக இருப்பதும் பெரும்பாலும் முதல் டவுனில்தான் முடிவாகிறது. ஆட்டம் முடிந்தபிறகு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கல்லூரி ப்ளே-பை-ப்ளே தரவோடு உங்கள் பட்டியலை ஒப்பிடுங்கள். ஆர் மொழி தெரிந்தால் சிஎஃப்பிஃபாஸ்ட்ஆர் தொகுப்பு ஈபிஏவையும் சேர்த்தே தரும். உங்கள் கணக்கும் அதுவும் ஒத்துப்போகாத ப்ளேக்களை மட்டும் திரும்பப் பாருங்கள், பெரும்பாலும் அவை பெனால்டியாகவோ சாக்காகவோ இருக்கும்.